ஐந்நூற்று ஆறு

மூவாயிரத்து இருநூறு முறை சிமிட்டினால்
ஒரு யூனிட்.
மீட்டரின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது.
அதன் கீழே இத்தனை காலம்
செருப்பைக் கழற்றினேனே தவிர
நிமிர்ந்து படித்ததில்லை.

அயனாவரம், சயானிக்குப் பின்தெரு,
எண்பத்து மூன்றில் கட்டிய கட்டிடம்,
எங்களுடையது மேல்தளம்.
கடல்காற்று ராயபுரத்தில் புறப்பட்டு
எங்களிடம் வருவதற்குள்
வழியில் எத்தனையோ வீட்டில் உட்கார்ந்து
மோர் குடித்துவிட்டு வரும்.
கூரை அப்படியில்லை. நேரம் தவறாது.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
ராத்திரி பத்து மணிக்கு
வட்டியோடு கட்டிலில் இறக்கும்.

எழுநூற்றுச் சொச்சம் யூனிட் ஓடிய தடவை
ஒரு குயர் நோட்டு வாங்கினேன்.
கணக்கெழுதிப் பிழைப்பவளுக்கு
வேறெப்படிக் கோபப்படத் தெரியும்?
ஐந்நூறுக்குள் நின்றால் ஒரு விலை.
தாண்டினால்
தாண்டாததற்கும் சேர்த்து வேறு விலை.

முதலில் ஃபிரிட்ஜ்.
கதவிடுக்கில் பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி
மெல்ல இழுத்தேன்.
கேட்காமலே கொடுத்துவிட்டது.
"நல்ல மனசு" என்றார் ஜெயசீலன்.
ரப்பர் மாற்ற அறுநூறு.
ஜன்னல் ஏசியைச் சுற்றியிருந்த சந்துக்குள்
அவருடைய பழைய பேண்ட்டைத் திணித்தேன்;
அதுவரை தெருவுக்கும் சேர்த்துத்தான்
குளிரூட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு மொட்டை மாடிக்கு வெள்ளை.
விலையைக் கேட்டதும் அவர்,
இந்தக் காசுக்கு ரெண்டு கோடைக்கு
ஏசி போட்டுத் தூங்கலாமே என்றார்.
தட்டோடு பெயர்ந்த இடமெல்லாம் பூசி
இரண்டு கோட்டிங்.
ஏப்ரலில் மூன்று மணிக்கு வெறுங்காலோடு ஏறினேன்:
கண் கூசியது, கால் சுடவில்லை.
பக்கத்து மாடியில் கொடி கட்டிக்கொண்டிருந்தவள்
கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தாள்.
எங்கள் வெயில் அவளிடம் போயிருக்குமோ என்று
ஒரு கணம் இருந்தது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை.
எல்லா ஸ்விட்சையும் அணைத்து
பிளக்குகளை உருவி
வீட்டை ஊமையாக்கிவிட்டு
மீட்டர் முன் நின்றேன்.
சிவப்புப் புள்ளி
சிமிட்டியது.
எண்ணினேன். பத்தொன்பது வினாடி. மறுபடி.
பூட்டிய அறைக்குள்
யாரோ மூச்சு விடுவது மாதிரி.

டில்லிபாபு வந்து ஒயரைத் தடவித் தடவிப் போனான்:
சமையலறை, பரண், சுவருக்குள், சுவருக்கு வெளியே.
மாடிப்படி வளைவில் முடிந்தது.
பெயிண்டுக்குள் புதைந்த ஸ்விட்ச்,
இரவும் பகலும் எரியும் அறுபது வாட் குண்டு பல்ப்.
பொதுவில் எரிவதாக எல்லோரும் நம்பியது,
நானும்.
இரண்டு மாதத்துக்கு எண்பத்தாறு யூனிட்.
"வெட்டிடவாக்கா?"

அந்த வெளிச்சத்தில் ஏறியவர்களை நினைத்தேன்.
கேஸ் சிலிண்டர்கள், கூரியர் பையன்கள்,
கீழ்வீட்டு பிரமிளாவின் சீர்வரிசை பீரோ,
ஒருநாள் நடுராத்திரி
ஏறும்போது காலியாக இருந்த ஸ்ட்ரெச்சர்.
ஒன்பது வாட் போடு, என்றேன். புது ஸ்விட்சும்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஜெயசீலன் மட்டும் ஆறு வீட்டுக்கும்
மனசுக்குள் பில் போட்டுப் பார்த்தார்,
உதடு அசைந்தது.

கத்திரியில் ஒரு ராத்திரி
கட்டிடத்தில் ஒரு ஃபேஸ் போனது.
எங்களுடையது இருந்தது.
எட்டு மாத வயிற்றோடு படியேறி வந்து
தலையணையும் கையுமாக
வாசலில் நின்றாள் பிரமிளா.
இருபத்து நாலில் வைத்தேன்.
விடிந்தும் ஓடியது.

ரீடிங் எடுக்க வந்தவர்
சந்தோஷமும் துக்கமும் கலக்காத குரலில்
சொன்னார்:
ஐந்நூத்தி ஆறு.

அந்த ஆறு எதுவென்று எனக்குத் தெரியும்.
நோட்டில் அதற்கு எதிரே
வீண் என்று எழுதி அடித்தேன்,
செலவு என்று எழுதி அடித்தேன்,
அப்படியே விட்டுவிட்டேன்.
அதற்கு அடுத்த வரி:
ஹால் ஃபேனின் பழைய பெட்டி ரெகுலேட்டர்
தொட்டால் சுடுகிறது.
மாற்ற வேண்டும்.